மூன்றாவது சீப்பு

"இது என்ன மச்சான்?"

நூர் நிஷா கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். நாற்காலியில் இருந்த தாஹிர் கரண்டியைப் பார்த்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். உதடுகள் இரண்டு முறை கூடிப் பிரிந்தன.

"க... கர..." என்று எடுத்துக் கொடுத்தாள்.

"தேக்கியே மேடம்," என்றார். "அஸ்லி லெதர்."

பாருங்கள் மேடம், அசல் தோல். தாராவி மெயின் ரோட்டுக் கடையில் இருபத்தாறு வருடம் நின்று பெல்ட்டும் பர்ஸும் விற்றபோது வருகிறவர்களிடமெல்லாம் சொன்னது. பூட்டைக் காட்டியபோதும் அதைத்தான் சொன்னார். வெங்காயத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. வாயைப் பொத்திக்கொண்டார்.

எவர்சில்வர் தட்டில் பன்னிரண்டு சாமான்கள் இருக்கும். காலையில் குழாயில் தண்ணீர் நின்று, டிரம்களை மூடி வைத்த பிறகு அலமாரி மேலிருந்து தட்டு இறங்கும். எட்டு மணி வரை நடக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒருநாளும் தவறியதில்லை, பெருநாளன்றுகூட.

அடுத்தது சீப்பு. கை தட்டைத் துழாவியது. சீப்பு இல்லை.

"ஏட்டி ஃபர்ஸானா, தட்டுல கெடந்த சீப்ப எடுத்தியா?"

"நான் ஏன் எடுக்கேன்? எனக்குத்தான் வேற இருக்குல்லா," என்று மகள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்.

"நோம்புலயும் ஒண்ணு இப்பிடித்தான் போச்சு. சீப்புக்கு என்ன கால் மொளைச்சிருக்கா?"

"எலி இழுத்திருக்கும்மா."

"எலிக்கு எதுக்குட்டி சீப்பு? தலைய வாரிட்டு கல்யாணத்துக்குப் போவப்போவுதா?"

தாஹிர் சிரித்தார். வலது பக்கத்து உதடு ஏறவில்லை, இடது பக்கம் மட்டும் சிரித்தது. தமிழ் அவருக்குப் புரிந்தது. சாப்பிட வாங்க என்றால் வந்தார். எலி கல்யாணத்துக்குப் போவதும் புரிந்தது. வாயிலிருந்து வரத்தான் இல்லை.

பதினோரு மாதத்துக்கு முன்னால் கடையில் ஒருவருடைய இடுப்புக்கு ஏற்றபடி பெல்ட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். கருவி கையிலிருந்து விழுந்தது. குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தார். மூளையில் இடது பக்கம் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் போயின. கால் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. கை வரவில்லை. பேச்சு வரலாம், பழக்க வேண்டும் என்றார்கள்.

இரண்டாவது மாதத்தில் ஒரு மத்தியானம், லுஹர் தொழுகை நேரத்தில், பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு முடிந்ததும், சுவரோடு சாய்ந்திருந்தவர் அல்ஹம்து சூராவை முதலிலிருந்து கடைசிவரை தடங்கல் இல்லாமல் ஓதினார். நூர் நிஷா கையில் மாவோடு அப்படியே நின்றாள். அரபி வந்துவிட்டதென்றால் தமிழ் எவ்வளவு தூரம்? தெருவில் இருக்கிற தமிழ் வீடுகளுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தாள்.

நாலாவது மாதத்தில் வேலைவிட்டு வந்த ஃபர்ஸானாவைப் பார்த்து, "ட்ரெயின் மிலா?" என்று கேட்டார். ரயில் கிடைத்ததா? ஃபர்ஸானா வாசலில் செருப்போடு உட்கார்ந்து அழுதாள். நிஷாவும் அழுதாள். இந்தி முந்தின பெட்டியில் வந்திருக்கிறது, தமிழ் பிந்தின பெட்டியில் இருக்கும் என்று நினைத்தாள்.

பிறகு இந்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டு சொல், மூன்று சொல். ராத்திரிச் சாப்பாட்டில் வாப்பாவும் மகளும் பேசிக்கொள்வார்கள். திடீரென்று இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

"என்னட்டி சொல்லுதாஹ?" என்று நிஷா கேட்பாள்.

"ஒண்ணுமில்லம்மா. குழம்புல உப்பு போட மறந்தாச்சாம்."

தன் புருஷன் தன் குழம்பைப் பற்றிச் சொன்னதை மகள் வழியாகக் கேட்டுக்கொண்டு உப்பு டப்பாவை எடுப்பாள்.

மேலப்பாளையத்தில் பிறந்து, இருபத்திரண்டாவது வயதில் கல்யாணமாகி தாராவிக்கு வந்தவள். முப்பத்திரண்டு வருடம் பம்பாயில் இருந்தும் இந்தி தெரியாதா என்று ஊர்க்காரர்கள் கேட்பார்கள். தேவை வரவில்லை. பால்காரர் தமிழ். அரிசிக்கடை தமிழ். தையல்காரி, மருந்துக்கடை, பள்ளிவாசல் ஹஜ்ரத், பிரசவம் பார்த்த நர்ஸ், எல்லோரும் திருநெல்வேலியோ தூத்துக்குடியோ. ரோட்டைத் தாண்டினால் இந்தி. ரோட்டைத் தாண்ட தாஹிர் இருந்தார்.

வந்த வருடம் அவர் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். தாதர் மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கித்னா, கம் கரோ, பஸ் என்று மூன்று சொல்லைக் கொடுத்து, கால் கிலோ பச்சை மிளகாய் வாங்கிவா என்று அனுப்பிவிட்டு எதிர்ப்பக்கம் நின்றார். காய்க்காரி ஏதோ கேட்டாள். நிஷா மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் சொன்னாள். எவ்வளவு, குறைச்சுக்கோ, போதும். காய்க்காரி சிரித்துப் பக்கத்துக் கடைக்காரியிடமும் சொன்னாள். வெறும் பையோடு திரும்பினாள். அடுத்த வாரமும் கூட்டிப் போனார். மூன்றாவது வாரம் பாலத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இறங்க மாட்டேன் என்று அழுதாள். அவர் இரண்டு படி கீழே நின்று அவளைப் பார்த்தார்.

"போதும்ளா. விட்டுரு. நான் இருக்கேன்லா," என்றார்.

அதற்குப் பிறகு அவள் இந்தியைத் தொடவில்லை.

ஏளா என்றுதான் கூப்பிடுவார். நிஷா என்றோ நூர் என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. மகளை ஃபர்ஸு என்பார், தன் அக்காவை ஊர் வழக்கப்படி பெயரோடு சேர்த்துத் தாத்தா என்பார். ஏளா என்றால் அவள் ஒருத்திதான். தட்டில் உள்ள பன்னிரண்டில் எதுவும் அவளுக்கு முக்கியமில்லை. கரண்டியில் தொடங்கினால் எங்கேயாவது சுற்றி அந்தச் சொல்லுக்கு வந்து சேரும் என்றுதான் அவள் காலையில் உட்கார்ந்தாள்.

அன்று சனிக்கிழமை. எட்டு மணிக்குத் தட்டை மேலே ஏற்றினாள். தாஹிர் ஆணியில் தொங்கிய பழைய தோல் பையை இடது கையால் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கடைக்குப் போகும்போது எடுத்துப் போன பை. இப்போது கடை இல்லை, அந்த இடத்தில் செல்ஃபோன் கவர் விற்கிறார்கள். பை மட்டும் தினமும் போய்வந்தது. பக்கத்து டீக்கடை வரைக்கும்.

நிஷா முக்கு வரை கூடவே போனாள். டீக்கடை அய்யாத்துரையுடையது. சங்கரன்கோவில்காரர். தாஹிர் கடை போட்ட அதே வருடம் டீக்கடை போட்டவர்.

"க்யா பாய், தந்தா கைசா?" என்று அங்கிருந்தே கத்தினார். வியாபாரம் எப்படி?

"ஏக்தம் டண்டா," என்றார் தாஹிர். படு மந்தம்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தினமும் இதே கேள்வி, இதே பதில், இதே சிரிப்பு. தாஹிர் நேராக உட்கார்ந்தார். முகம் வேறாக இருந்தது.

"பாத்தீயளா மதினி," என்றார் அய்யாத்துரை. "எங்கிட்ட நல்லாத்தான பேசுதாரு. ஒங்ககிட்ட மட்டும் வாயக் கட்டிக்கிடுதாரு. முப்பது வருசமா அவர எங்க பேச விட்டீய?"

"ஒமக்கென்ன, டீ ஆத்துற வாய்."

"அதுக்கில்ல மதினி. இந்தியில சந்தோசமாத்தான் இருக்காரு. அப்பிடியே விட்டுருங்களேன்."

"நீரு ஒம்ம பொண்டாட்டிட்ட இனிமே இந்தியிலயே பேசும். பொறவு வந்து எனக்குச் சொல்லும்."

அய்யாத்துரை வடிகட்டியைத் தட்டினார்.

அன்று பகல் மாட்டுங்காவுக்குப் போனார்கள். ஃபர்ஸானா நெருளில் வேலை பார்க்கும் ஆபீஸில் கூட இருந்த பெண்ணுக்கு ஒரு பெரியம்மா. பெயர் ருக்கு. ஆஸ்பத்திரி ஒன்றில் பேச்சுப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர். தமிழ்க்காரர். அதுதான் விஷயம். தமிழில் பார்க்கிற ஒருவர் கிடைக்கவில்லை என்று நிஷா பதினோரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தரைத்தள வீடு. ருக்கு நாற்காலியை தாஹிருக்கு நேர் எதிரே, முட்டி இடிக்கும்படி போட்டுக்கொண்டார்.

"உங்க பேர் என்ன?"

"தேக்கியே மேடம்."

"பாக்கறேன், பாக்கறேன். என்ன விக்கறேள்?"

"பெல்ட்."

"எனக்கு எவ்வளவுக்குத் தருவேள்?"

தாஹிர் யோசித்தார். ருக்குவின் நரைத்த தலையைப் பார்த்தார். "ஆப்கே லியே... டிஸ்கவுண்ட்."

ருக்கு வாய்விட்டுச் சிரித்தார். நிஷா சிரிக்கவில்லை. நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள்.

"பெல்ட்டுன்னு சொன்னாஹல்லம்மா. அது தமிழ்தானே? நாங்க வீட்ல பெல்ட்டுன்னுதான் சொல்லுவோம்."

ருக்கு அவளைப் பார்த்தார். பிறகு படங்களை எடுத்து வைத்தார். ஒரு மணி நேரம் பார்த்தார். நாய், கதவு, மழை. தமிழில் பேர் சொன்னால் தாஹிர் சரியான படத்தைத் தொட்டார். படத்தைக் காட்டிக் கேட்டால் தமிழில் ஒன்றுகூட வரவில்லை. இந்தியில் ஏழு வந்தது.

"ஓதுனாஹம்மா. முழு சூராவும் ஓதுனாஹ," என்றாள் நிஷா.

"மனப்பாடம் வேற வழியா வரும். எண்ணறது, ஸ்லோகம், திட்டறது, கடைல சொல்லிச் சொல்லிப் பழகினது, இதெல்லாம் தானா வந்துடும். யோசிச்சுச் சொல்றதுதான் பேச்சு." படங்களைக் கட்டிவைத்தார். "ஆரம்பத்துல ஆஸ்பத்திரில எந்த பாஷைல சொல்லிக்கொடுத்தா?"

"ஹிந்தி," என்றாள் ஃபர்ஸானா.

"ஏன்? ஆத்துல தமிழ்தானே?"

"அங்க இந்திதான் உண்டும்மா," என்று நிஷா சொன்னாள். ஃபர்ஸானா பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"மொத ஆறு மாசம் ரொம்ப முக்கியம்," என்றார் ருக்கு. "அப்ப எதைப் பழக்கறோமோ அது வேரூன்றிடறது. தமிழ்லயும் சேர்த்துப் பண்ணியிருக்கணும்."

"இனிமே வருமா?"

ருக்கு படக்கட்டை ஓரமாக நகர்த்தினார்.

"நிறுத்தலாமான்னு கேக்கறேளா?"

"நான் அப்பிடிக் கேக்கல."

"கேக்கலாம், தப்பில்ல. எல்லாரும் கேப்பா. நான் நிறுத்துங்கோன்னும் சொல்லமாட்டேன், பண்ணுங்கோன்னும் சொல்லமாட்டேன். முப்பத்தஞ்சு வருஷத்துல ரெண்டு பேருக்கு ஒரு வருஷம் தாண்டி வந்திருக்கு. அதுல ஒருத்தருக்கு மூணு வருஷம் ஆச்சு."

"மத்தவங்களுக்கு?"

"வரல."

"அவங்க வீட்ல என்ன செஞ்சாங்க?"

"சில பேர் விட்டுட்டா. சில பேர் விடல. ரெண்டு கட்சியும் இங்கதான் வந்து அழுதா."

ஒரு காகிதத்தில் சில பயிற்சிகளை எழுதிக் கொடுத்தார். எழுத்து பெரிது பெரிதாக இருந்தது. ஃபர்ஸானாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. அவள் அதை மடித்து வாப்பாவின் தோல் பையின் வெளி உறையில் செருகினாள்.

திரும்பும்போது டாக்சி. கால் நீட்டி உட்கார வசதியென்று தாஹிர் முன்னால் ஏறினார். டிரைவர் அவரைச் சாச்சா என்று கூப்பிட்டு ஏதோ கேட்டான். தாஹிர் பதில் சொன்னார். கிங் சர்க்கிள் பாலத்தடியில் வண்டி நின்றது. நகரவில்லை.

"உம்மா," என்றாள் ஃபர்ஸானா. "அங்க தமிழும் இருந்துச்சு."

"எங்க?"

"ஆஸ்பத்திரில. வியாழக்கெழம மட்டும் ஒரு தமிழ்ப் பொண்ணு வரும்னாங்க. மூணு வாரம் காத்திருக்கணும். இந்தின்னா மறுநாளே ஸ்டார்ட் பண்ணலாம்னாங்க. எனக்கு லீவ் வேற இல்ல. ஃபாரத்துல வீட்டு மொழின்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நான் ஹிந்தின்னு எழுதிட்டேன்."

"வீட்டு மொழி இந்தியாட்டி?"

"எனக்கும் வாப்பாக்கும் ஹிந்திதானம்மா."

பொய் இல்லை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். வாப்பாவும் மகளும் கணக்கு போட்டது, சண்டை போட்டது, கிரிக்கெட் பார்த்தது எல்லாம் இந்தி. நிஷா அடுப்பருகே இருந்துகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். வீட்டில் மூன்று பேர் என்று நினைத்திருந்தாள். கட்டத்தில் எழுதுகிறபோது மகள் இரண்டு பேரை எண்ணியிருக்கிறாள்.

"மூணு வாரம்," என்றாள் நிஷா.

"ஸாரிம்மா."

"பதினோரு மாசமா நான் வெங்காயத்தத் தூக்கிக் காட்டிட்டு இருக்கேன். நீ அங்கிட்டு நின்னு தலை சீவிட்டு இருந்தியே. வாயத் தொறந்து சொல்லலியே."

"எப்பிடிம்மா சொல்ல? ஒவ்வொரு நாளும் நீ தட்ட எறக்கும்போது நாளைக்குச் சொல்லிருவோம்னு நெனப்பேன்."

முன் சீட்டில் தாஹிர் பேச்சை நிறுத்தியிருந்தார். கண்ணாடி வழியாகப் பாலத்தின் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழாத," என்றாள் நிஷா. "டாக்சிக்காரன் பாக்கான்."

தாராவியில் இறங்கியதும் நிஷா முதலில் போனது சீப்புக்காரனிடம். ரோஸ் நிறத்தில் ஒன்று எடுத்தாள்.

"இன்னுமா?" என்றாள் ஃபர்ஸானா. கண் வீங்கியிருந்தது.

"ரெண்டு பேருக்கு வந்துருக்குன்னாங்கல்ல."

"முப்பத்தஞ்சு வருசத்துலம்மா."

"அந்த ரெண்டு பேரு வீட்லயும் ஒருத்தி இப்பிடி நின்னு சீப்பு வாங்கிருப்பா."

அன்று சாயங்காலம் முழுவதும் அந்த இரண்டு பேரை நினைத்துக்கொண்டிருந்தாள். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. முதலில் என்ன சொல் வந்தது என்றும் கேட்கவில்லை. மூன்று வருடம் என்றால் இன்னும் இருபத்தைந்து மாதம். அவ்வளவு நாள் தட்டை இறக்க முடியும். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஒன்றைத்தான் அவளால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டு வருடத்தில் விட்டுவிட்டு, அது மூன்றாவது வருடத்தில் வருவதாக இருந்திருந்தால்? அதை யாரும் வந்து சொல்லப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் நின்றது. டிரம்களை மூடினாள். தட்டை இறக்கி, ரோஸ் சீப்பை வைத்தாள். ருக்கு எழுதிக் கொடுத்தபடி இன்று தொடங்கலாம் என்று காகிதத்தைத் தேடினாள். ஆணியில் தொங்கிய பையை எடுத்தாள். தாஹிர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"இருங்க மச்சான். காயிதம் எடுக்கேன்."

வெளி உறையில் காகிதம் இல்லை. உள்ளே இருக்கும் என்று பெரிய ஜிப்பைத் திறந்து கையை விட்டாள். ஏதோ பல்லாகக் குத்தியது. எடுத்தாள். கறுப்புச் சீப்பு. வெள்ளிக்கிழமை வரை தட்டில் இருந்தது. மறுபடி கையை விட்டாள். பழுப்பு நிறச் சீப்பு, நோன்பு மாதத்தில் காணாமல் போனது. அடியில் ஒரு கரண்டி. பூட்டு இல்லாத சாவிகள் மூன்று. சோப்பு டப்பாவின் மூடி. பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்ததென்று அவள் திட்டிய நூல்கண்டு. ஒரு வெங்காயம், வதங்கிச் சுருங்கி, நுனியில் விரல் நீளம் பச்சையாக முளைத்திருந்தது. ருக்குவின் காகிதம் நாலாக, எட்டாக, இடது கையால் முடிந்த மட்டும் சின்னதாக மடிக்கப்பட்டு ஓரத்தில் கிடந்தது.

எல்லாவற்றையும் பாயில் வைத்தாள். எலி, ஃபர்ஸானா, பக்கத்து வீட்டுப் பிள்ளை, தன் மறதி. ஒவ்வொரு தடவையும் ஒருவரைத் திட்டிவிட்டு இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறாள். வாங்கி வைத்ததை அவர் மறுபடியும் எடுத்திருக்கிறார்.

நிமிர்ந்து பார்த்தாள். தாஹிர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை வாயைப் பொத்தியிருந்தது. சொல்லைத் தேடும்போது அப்படிப் பொத்திக்கொள்கிறார் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தாள். டீக்கடை பெஞ்சில் அந்தக் கை அங்கே போனதில்லை. ஃபர்ஸானாவோடு சிரிக்கும்போது போனதில்லை. டாக்சியில் போகவில்லை. நேற்று அந்த அம்மா முன்னால்கூட இல்லை. அவள் தட்டோடு வந்து உட்காரும்போதுதான் போனது.

"நோம்புலேர்ந்தா?" என்று கேட்டாள்.

அவருக்குப் புரிந்தது. கண் இறங்கியது.

தாதர் பாலத்துப் படி அவளுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு படி கீழே நின்ற அவருடைய முகம்.

பழக்கத்தில் கை ரோஸ் சீப்பை எடுத்தது. தூக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

தாஹிர் நாற்காலியைப் பிடித்து மெதுவாகக் கீழே இறங்கி, இழுக்காத காலை மடக்கிப் பாயில் உட்கார்ந்தார். அவள் மடியிலிருந்து சீப்பை எடுத்தார். பையைத் தன் பக்கம் இழுத்து அதில் போடப் பார்த்தார். ஒரு கையால் முடியவில்லை. பையின் வாய் மூடிக்கொண்டது. மறுபடி பார்த்தார். மூடிக்கொண்டது. அவர் வியர்த்திருந்தார்.

நிஷா இரண்டு கையாலும் பையின் வாயைப் பிரித்துப் பிடித்தாள்.

சீப்பைப் போட்டார். தட்டிலிருந்து பூட்டைப் போட்டார். தீப்பெட்டி, கத்தரிக்கோல், டம்ளர். ஒவ்வொன்றையும் எடுக்க நேரமானது. அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசியாகத் தட்டில் இருந்த வெங்காயத்தை எடுத்து, பைக்குள் போடாமல், அவளிடம் நீட்டினார். சமையலுக்கு என்பதுபோல. வாங்கிக்கொண்டாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபர்ஸானா சீப்போடு நின்றாள். தலை பாதி வாரியிருந்தது. உள்ளே வரவில்லை.

"ஏளான்னு ஒரு தடவ சொல்லிருக்கலாமே மச்சான்," என்றாள் நிஷா. "அதுக்குத்தான இவ்வளவும்."

தாஹிர் அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் நின்றது. நின்றபடியே இருந்தது. அவர் கை மேலே வரத் தொடங்கியது.

"வேண்டாம், வேண்டாம்," என்று அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

திங்கட்கிழமை ஐந்து நாற்பதுக்குத் தண்ணீர் வந்தது. ஏழு டிரம்களும் நிறைந்தன. ஃபர்ஸானா வழக்கம்போல் குர்லா போய் நெருள் வண்டியைப் பிடிக்கப் புறப்பட்டாள். உம்மா டிபன் டப்பாவைக் கொடுத்தாள்.

நிஷா தோல் பையைக் காலி செய்து, நேற்று பாயில் எடுத்து வைத்ததையும் சேர்த்துப் பிரித்தாள். கரண்டிகளை அடுக்களையில் வைத்தாள். சாவிகளைக் குப்பையில் போட்டாள். கறுப்புச் சீப்பையும் ரோஸ் சீப்பையும் கண்ணாடி அருகே வைத்தாள். பழுப்புச் சீப்பில் நாலு பல் உடைந்திருந்தது, அதையும் குப்பையில் போட்டாள். முளைத்த வெங்காயம் அழுகத் தொடங்கியிருந்தது. தட்டைத் தேய்த்துக் கழுவி, மாவு சலிக்கிற தட்டுகளோடு சேர்த்துக் கவிழ்த்தாள்.

தாஹிர் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அலமாரி மேலே பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. எட்டு மணிவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்குப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அவள் முக்கு வரை கூடப் போகவில்லை.

மத்தியானம் சோறும் மீன் குழம்பும். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவில், "பானி," என்றார்.

அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.